அய்யாவின் முகம் பெயர்ந்த பங்குனி

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்று யோசித்தபடி உட்கார்ந்திருக்கிற என் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். இளசுகளிடம் சொன்னால், "ஒரு கல்லு உடைஞ்சதுக்கா இவ்வளவு பேச்சு" என்பார்கள். நம் காலத்தில் கல் உடைந்தாலும் ஒரு பெண்ணைத்தான் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால் உங்களுக்கு விளக்க வேண்டிய வேலை எனக்குக் குறைவு.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, எப்போதும்வென்றான் போகிற பக்கம். சுற்றிலும் கரிசல். கோடையில் காட்டுக்குள் கவனிக்காமல் கால் வைத்தால் வெடிப்புக்குள் பாதம் இறங்கிவிடும். கல் என்று ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்கு வடக்கே இருக்கிற பொத்தைக்குத்தான் போக வேண்டும். பொத்தை என்றால் ஏதோ மலை என்று நினைத்துவிடாதீர்கள். மூச்சு வாங்குவதற்குள் ஏறி முடித்துவிடலாம். அதன் அடிவாரத்தில் தனியாக ஒரு பாறை நிற்கும், இரண்டு ஆள் உயரத்துக்கு. அதுதான் எங்கள் குலசாமி. கோயிலும் கிடையாது, கூரையும் கிடையாது. பாறையின் கிழக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பூசி, காவியால் கண்ணும் மீசையும் எழுதியிருப்பார்கள். அய்யா என்று கும்பிடுவோம்.

எங்களுடையது ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பாவும் சித்தப்பாவும் செம்மறிக் கிடையோடு காடு காடாகப் போவார்கள். கொஞ்சம் மானாவாரி நிலமும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் குட்டிகளை ஓட்டிக்கொண்டு பொத்தைப் பக்கம் போவது என் வேலை. எனக்குப் பத்து வயது. அந்தப் பாறையை என்னைப்போல அறிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் வருடத்துக்கு ஒரு நாள் வந்து விழுந்து கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். நான் தினமும் அதில் முதுகைச் சாய்த்து வாய்ப்பாடு படித்தவள்.

மத்தியானத்தில் தொட்டால் உள்ளங்கை பொசுங்கும். பொழுது சாய்ந்து காற்று திரும்பியதும் பாறைக்குள்ளே எங்கேயோ டிக் என்று ஒரு சத்தம் வரும். பூசாரித் தாத்தா, அதாவது எங்கள் அப்பாவுக்குப் பெரியப்பா, "அய்யா பல்லக் கடிக்காரு, யாரு மேல கோவமோ" என்பார். பாறைக்கு அடியில் அரிசிக் குருணை மாதிரி கல் உதிர்ந்து கிடக்கும். அம்மா என்னை அனுப்பி அதை அள்ளிவரச் சொல்லி, அடிப்பிடித்த ஈயச் சட்டியைத் தேய்ப்பாள். சாமி உதிர்ந்ததை வைத்துச் சட்டி விளக்குகிறோமே என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கும்தான்.

பெண் பிள்ளைகள் அய்யா மேல் ஏறக் கூடாது. ஆடு ஏறலாம். நான் ஏறினேன். பின்பக்கச் சரிவு வழியாகத் தவழ்ந்து உச்சிக்குப் போனால், சுண்ணாம்பு பூசிய முகத்துக்குப் பின்னால் ஒரு வெடிப்பு இருந்தது. பாறையிலிருந்து முகம் மட்டும் தனியே விலகி நிற்கிற மாதிரி ஒரு சந்து. கையை விட்டால் முழங்கை வரை போகும். வெளியே கல் அடுப்பாகக் கொதிக்கும்போது உள்ளே சில்லென்று இருக்கும், மழை பெய்த மண் வாடை அடிக்கும். இச்சிச் செடி ஒன்று மேலே முளைத்து, வேரை அந்தச் சந்துக்குள் இறக்கியிருந்தது. ஒரு கூழாங்கல்லை எடுத்துப் பாறையில் எங்கே தட்டினாலும் கிண் என்று கேட்கும். முகத்தில் தட்டினால் மட்டும் பொத்துப் பொத்தென்று கேட்கும், காலிப் பானை மாதிரி. அந்தச் சந்துதான் என் பெட்டகம். உடைந்த கண்ணாடித் துண்டு, ஒரு பித்தளைப் பொத்தான், தீப்பெட்டி லேபிள்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

லேபிள்கள் சித்தி கொடுத்தவை. அந்த வருடம் தை மாதம்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி கோவில்பட்டிக்காரி. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினவள். குச்சிகளை ஒவ்வொன்றாகக் கட்டையில் அடுக்குகிற அந்தக் கைவேகத்தில்தான் எங்கள் வீட்டில் கீரை ஆய்ந்தாள், பருத்தி எடுத்தாள். வாயும் அதே வேகம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். வந்த மூன்றாம் நாளே பூசாரித் தாத்தாவிடம், "மாமா, நீங்க காப்பி குடிக்கும்போது மூக்குப்பொடி அதுக்குள்ள விழுது" என்று சொன்னாள். சித்தப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்கு மூச்சு முட்டும். அதை நான் அப்போதே பார்த்தேன், என்னவென்று புரியவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. "இவ மேல இன்னொரு பிராது வரட்டும், பள்ளிக்கூடத்துப் பைய ஆட்டுத் தொழுவுல தொங்க விட்டுருதேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். எனக்காகப் பேசியது சித்தப்பா ஒருவர்தான்.

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் குடும்பத்து வழக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. மற்றவர்கள் சாமிக்கு எதிரே தள்ளி அடுப்புக் கூட்டுவார்கள். நாங்கள் பாறையின் காலடியிலேயே, பாறையோடு ஒட்டியே வரிசையாகப் பானை வைப்போம். தீ அய்யாவின் முகத்தைத் தொட வேண்டும், புகை ஏறிக் கல் கறுக்க வேண்டும். எரிக்கப் பருத்திமார், காய்ந்த பருத்திச் செடி. பொங்கி முடிந்ததும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அய்யாவைக் குளிரவைப்போம். வழக்கமாகப் பூசாரித் தாத்தா ஒரு செம்பில் எடுத்துத் தெளிப்பதோடு சரி. வீட்டுக்குப் புது மருமகள் வந்த வருடத்தில் மட்டும் அவள் குடம் குடமாக ஊற்ற வேண்டும். எங்கள் அம்மாவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்த முதல் மருமகள் சித்திதான்.

அதற்கு முந்தின ஐப்பசியில் மழை ஏமாற்றியிருந்தது. பருத்தி கருகிவிட்டது, மார்தான் மிச்சம். அப்பா வண்டி நிறைய மார் கொண்டுவந்து போட்டார். "அய்யாவுக்கு நல்லாச் சூடு ஏறட்டும், அப்பத்தான் மழ எறங்கும்" என்று கட்டுக் கட்டாகத் தள்ளினார். தீ மீசை வரைக்கும் ஏறியது. வெயிலோ உச்சி வெயில். நாங்கள் பத்தடி தள்ளி நின்றோம், அங்கேயே முகம் காந்தியது. பானைகள் பொங்கின. குலவை போட்டார்கள். சித்தி மஞ்சள் புடவையில், ஈரத் தலையோடு, கிணற்றுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி முகத்தில் விசிறினாள். கல் சீறியது. ஆவி வந்தது. இரண்டாவது குடம். மூன்றாவது குடத்தைப் பாதிதான் ஊற்றியிருப்பாள்.

வேட்டுப் போட்ட சத்தம். அய்யாவின் கண், மீசை, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து, கட்டில் அகலத்துக்கு ஒரு பலகையாகப் பெயர்ந்து, முன்னால் சாய்ந்து விழுந்தது. ஒரு பானை நொறுங்கிப் பொங்கல் மண்ணில் ஓடியது. சித்தி துள்ளிப் பின்வாங்கினாள், காலில் மட்டும் சிராய்ப்பு. யாருக்கும் உயிர்ச் சேதமில்லை. அதற்குச் சாமிக்கு நன்றி சொன்னவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

பூசாரித் தாத்தா கல்லைப் பார்க்கவில்லை. சித்தியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீ தூரமா இருக்கியா?"

"இல்ல மாமா. தலைக்குக் குளிச்சு ஒம்பது நாளாச்சு."

"நல்லா எண்ணிச் சொல்லு. வெளையாட்டுக் காரியமில்ல இது."

"எண்ணித்தான் சொல்லுதேன். அக்காவுக்குத் தெரியும், கேளுங்க."

அக்கா என்றது என் அம்மாவை. சித்தி தொழுவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி இருந்த மூன்று நாளும் சோறு கொண்டுபோய் வைத்தது அம்மாதான். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு நாள் கணக்கு நெனப்புல இல்ல" என்றாள்.

சித்திக்கு அப்போதும் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. குப்புற விழுந்து கிடந்த பலகையைக் காட்டினாள். "மாமா, இந்தக் கல்லோட முதுகப் பாருங்க. வேரு கெடக்கு. எறும்பு முட்ட கெடக்கு. இப்பத்தான் உடைஞ்ச கல்லுக்குள்ள எறும்பு எப்ப போயி முட்ட போட்டுச்சு?"

உண்மை. எல்லோர் கண் முன்னாலும் கிடந்தது. பலகையின் முதுகு முழுக்கத் துருப் பிடித்த நிறம், ஈர மண், வலை மாதிரி வேர். கீழ் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத்தான் கல் புதிதாக, வெள்ளையாக உடைந்திருந்தது. அந்த ஒரு சாண்தான் இத்தனை காலம் அந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மற்றதெல்லாம் எப்போதோ விட்டுப்போனது. அத்தனை பெரியவர்களில் ஒருவர் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

அப்பா சொன்னார். "சாமி குப்புற விழுந்து கெடக்கு. இவ எறும்ப எண்ணுதா."

அதோடு தீர்ப்பு முடிந்துவிட்டது. தீட்டை மறைத்து வந்தவள், கேட்டால் எதிர்த்தும் பேசுகிறவள். சித்தி திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் காலிக் குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். அங்கேதான், சித்திக்கு நாலடி பக்கத்தில். கல் விழுந்தபோது என் லேபிள்கள் சிதறின. பெரும்பாலும் தணலில் விழுந்து எரிந்தன. நீல லேபிள் ஒன்று மட்டும் என் முன்னால் வந்து விழுந்தது. நான் அதன் மேல் காலை வைத்து மிதித்துக்கொண்டேன். "அந்த வெடிப்பு முன்னாடியே இருந்துச்சு, நான் கைய விட்டுப் பாத்திருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், நீ எப்படி மேலே ஏறினாய் என்பார்கள். பை தொழுவில் தொங்கும். எனக்கு அதுதான் கண் முன்னால் நின்றது. காலை எடுக்கவே இல்லை.

சாயங்கால பஸ்சில் சித்தியை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மஞ்சள் பை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சித்தப்பா வீடு தங்கவில்லை. கிடையோடு தெற்கே பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் போய்விட்டார். எப்போதாவது அரிசி வாங்க வருவார். சித்திரை கடைசியில் ஒரு நாள் வந்தவர், தொழுவில் குட்டிகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு குட்டியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, நீ அந்தப் பாறைப் பக்கமேதான கெடப்ப. முன்னாடி அதுல கீறல் வெடிப்பு எதுவும் பாத்தியா?"

"இல்ல சித்தப்பா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு சித்தப்பா."

அவர் கொஞ்ச நேரம் குட்டியின் காதை நீவிக்கொண்டிருந்தார். "சரி" என்றார். எழுந்து போய்விட்டார். பாவி நான். யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை, அப்பா பக்கத்தில்கூட இல்லை. வாய் தானாகவே இல்லை என்று சொல்லிவிட்டது.

ஆனி மாதம் அம்மாவுக்குப் பல் வலி. கோவில்பட்டிக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, தாடையில் துணியை அமுக்கிக்கொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு சித்தி தெருவுக்குப் போனாள். தெரு முழுக்க முறத்திலும் சாக்கிலும் தீப்பெட்டிக் கூடுகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. சித்தி வாசலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். மயில்துத்தம் கலந்த பசையில் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவிய எப்படி இருக்காவ?" இதுதான் முதல் கேள்வி.

"ஆட்டோட ஆடாக் கெடக்காவ. வீட்டுக்கே வாரதில்ல." அம்மா துணியை எடுத்துவிட்டுச் சொன்னாள். "ஏளா, நான் சொல்லுததக் கேளு. அய்யா முன்னால வந்து, ஆமா, தப்பு நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ஒரு கெடாய வெட்டி முடிச்சிருவாவ. புரட்டாசிக்குள்ள வந்துரு. வெதப்பு இருக்கு, ஆளில்ல."

"செய்யாதத எப்படிக்கா செஞ்சேம்னு சொல்ல?"

"வாயாலதான சொல்லுத. மனசாலயா சொல்லப் போற?"

சித்தி என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பள்ளிக்கூடம் ஒழுங்காப் போறியாட்டி?" என்றாள். உள்ளே போய்க் கடலை மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். நான் வாங்கித் தின்றேன். பஸ் ஏறுவதற்குள் தின்று முடித்தும்விட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

அம்மாவைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். பிடுங்கின பல்லோடு, வாயில் ரத்தத்தோடு, அப்பாவுக்குத் தெரியாமல் அவ்வளவு தூரம் நடந்தாள். தங்கச்சி மாதிரி வைத்திருந்தவள் வாழாமல் போய்விடக் கூடாது என்றுதான் நடந்தாள். தன்னுடைய ஒரு வாக்கியத்தால் தீர்த்திருக்கக்கூடிய காரியத்துக்கு இன்னொருத்தியைப் பொய் சொல்லச் சொன்னாள். அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் நல்லது செய்வது.

புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை சித்தி வந்தாள். அதற்குள் பெயர்ந்த இடத்தில் புதுச் சுண்ணாம்பு பூசி, புதுக் கண் எழுதியிருந்தார்கள். விழுந்த பலகையை யாரும் தொடவில்லை. அது அங்கேயே மழைக்கும் வெயிலுக்கும் கிடந்தது. ஆடு வெட்டினார்கள். சித்தி கைகூப்பி நின்றாள். சித்தப்பா எதிரே நின்றார்.

"தீட்டோட வந்தது நான்தான். மறைச்சதும் நான்தான். அய்யா பொறுத்துக்கிடணும்."

ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பாள்போல. சித்தப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். அதுவரை அவருக்குச் சந்தேகம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் நிச்சயமானது. மறுநாள் விடியலில் எல்லோரும் சேர்ந்து விதைக்கப் போனோம்.

வாழ்ந்தார்கள். இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அடி உதை கிடையாது. ஆனால் ஏதாவது ஒரு பேச்சில் சித்தி அழுத்திச் சொன்னால், சித்தப்பா மெதுவாக, "நீ சொல்லுதத நம்பவா?" என்பார். அவ்வளவுதான். பால்காரன் கணக்கானாலும், பையனுக்குக் காய்ச்சல் என்றாலும் அதே மூன்று வார்த்தை. பட்டென்று பேசுகிற அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிட்டது. பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் கிளம்பும்போது சித்தி மட்டும் வீட்டில் இருப்பாள். யாரும் வராதே என்று சொல்லவில்லை. அவளாகவே நின்றுகொண்டாள்.

என் பை தொழுவில் தொங்கவில்லை. அப்பா மறுபடியும் மறுபடியும் நிறுத்தப் பார்த்தபோதெல்லாம் சித்தப்பா குறுக்கே நின்றார். "அவ பொய் பேசாத பிள்ள, படிக்கட்டும்" என்று அவர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அந்த வார்த்தையின் மேல் ஏறித்தான் நான் டீச்சர் ஆனேன்.

என்ன பாடம் என்றா கேட்கிறீர்கள்? சமூக அறிவியல். வருடா வருடம் பாறைச் சிதைவு என்று ஒரு பாடம் வரும். பகல் வெயிலில் பாறையின் மேல்தோல் விரியும், உள்ளே குளிர்ந்தே இருக்கும். பொழுது சாய்ந்தால் மேல்தோல் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டு இழுபட்டு, வெங்காயத்தோல் மாதிரி ஒரு அடுக்கு விலகும். அந்தச் சந்தில் மழைத் தண்ணீர் இறங்கும், கல்லில் உள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாகும், வேர் நுழைந்து பருக்கும், துகள் துகளாக உதிரும். தீயில் காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால், நாள்பட நடக்கிறது நொடியில் நடக்கும். கரும்பலகையில் படம் போட்டு, வேரையும் துரு நிறத்தையும் கலர் சாக்கில் வரைந்து காட்டுவேன். "நேரில் பார்த்த மாதிரியே சொல்றீங்க டீச்சர்" என்று ஒரு பெண் சொன்னாள். அன்றைக்கு மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டுவிட்டேன்.

சித்தியிடம் சொல்ல நினைத்த நாட்களை எண்ணினால் கணக்கு வராது. என் கல்யாணத்தன்று நினைத்தேன். அப்பா இறந்தபோது, இனி யாருக்குப் பயம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்குப் பயம் அப்பாவிடம் இல்லை. தொழுவில் உட்கார்ந்து, நீ சொன்னால் நம்புவேன் என்றாரே, அந்த மனிதரிடம். அவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம். அதற்கு நானே ஒரு நல்ல பெயரும் வைத்துக்கொண்டேன். பழசைக் கிளறினால் சித்தப்பா மனசு தாங்காது, அவர் காலம் முடியட்டும், பிறகு சித்தியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று.

போன வருடம் அவர் படுக்கையில் விழுந்தார். சர்க்கரையில் கண் போய்விட்டது. நான் வாரா வாரம் போய் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினேன். குரலை வைத்தே, "டீச்சரம்மா வந்துட்டியா" என்பார். என் குரல் மட்டும் தப்பாமல் தெரிகிறது என்று அவர் பேத்திகள் கிண்டல் செய்வார்கள். பிறகு போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, மத்தியானச் சாப்பாடு ஆகி, சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ்சுக்கும் ஆட்டோவுக்கும் போய்விட்டார்கள். சித்தி பின்வாசல் படியில் உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், யாருக்கென்று தெரியாமல். பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னேன். வெடிப்பு, வேர், நான் கையை விட்டது, லேபிளை மிதித்துக்கொண்டு நின்றது, தொழுவில் சித்தப்பா கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். அப்படித்தான் எனக்குச் சொல்ல வரும்.

சித்தி காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"நீ ஏறுவன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அப்புறம், "பத்து வயசுப் பிள்ள. பயந்திருப்ப. அது சரி" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்தேன். மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டியது அவளுக்கு, சொல்லிவிட்டேன், முடிந்தது என்று நினைத்தேன்.

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"எங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுத? நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? ஊருல எவன் என்ன நெனச்சா எனக்கென்ன. அவிய ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும்னுதான் கெடந்தேன். நானே வாயால சொன்ன பொய்ய நானே இல்லன்னு சொன்னா அவிய நம்பவா போறாவ? வேற யாராவது வந்து சொல்ல மாட்டாவளான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். சித்தப்பா அப்போது இருந்த நிலையில் எப்படி, மனசு நொந்து, என்று ஏதோ உளறினேன்.

"பக்கத்துல உக்காந்து கஞ்சி குடுத்தியே, ஏட்டி" என்றாள் சித்தி. "அவியளுக்குக் கண்ணுதான் போச்சு. காது கடைசி நாள் வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு."